டெலிமெட்ரி தானாக வருமா? பெங்களூரு வாசகர்களுக்குப் பதில்கள்

டாம்கேட்டில் (ஜாவா ஆப்களை ஓட்டும் சர்வர்) ஓபன்டெலிமெட்ரி ஜாவா ஏஜென்ட் (ஆப் எப்படி ஓடுகிறது என்ற தகவலை, அதாவது டெலிமெட்ரியை, தானாக எடுத்து அனுப்பும் துணை நிரல்) போட்டேன். ஒன்றும் வரவில்லை. ஏன்? (ஒயிட்ஃபீல்டு)

எந்த வெர்ஷன், லாக்கில் என்ன விழுந்திருக்கிறது, ஒன்றையும் எழுதவில்லை. எனக்கு ஜோசியம் தெரியாது. ஊகத்தில் இரண்டு சொல்கிறேன். ஏஜென்ட் 2.0 முதல் இயல்பாகவே எச்டிடிபியில் அனுப்புகிறது. அதற்கு போர்ட் 4318. பழைய குறிப்பைப் பார்த்து 4317 கொடுத்திருப்பீர்கள், அது ஜிஆர்பிசி என்ற இன்னொரு அனுப்பும் முறைக்கு. இரண்டாவது, உங்கள் ஷெல்லில் எக்ஸ்போர்ட் செய்த செட்டிங், சிஸ்டம்டி (லினக்ஸில் சர்வீஸ்களைக் கிளப்புவது) கிளப்பும் டாம்கேட்டுக்கு எட்டாது. டாம்கேட்டின் செட்என்வ் கோப்பில், கேட்டலினா ஆப்ட்ஸ் வரியில் எழுதுங்கள். அப்புறம் ரீஸ்டார்ட். அதை மறப்பவர்கள்தான் எனக்கு அதிகம் எழுதுகிறார்கள்.

எல்லா ஆப்பும் 'அன்நோன் சர்வீஸ்' என்றே வருகிறதே?

பெயர் வைக்காத பிள்ளையை வேறு எப்படிக் கூப்பிடும்? ஒவ்வொன்றுக்கும் ஓடெல் சர்வீஸ் நேம் என்ற செட்டிங்கில் பெயர் கொடுங்கள். ரீஸ்டார்ட்.

டிரேஸில் (ஒரு கோரிக்கை ஆப்புக்குள் போன பாதையின் பதிவு) வாடிக்கையாளரின் மொபைல் நம்பர் தெரிகிறது. பரவாயில்லையா? (மாரத்தஹள்ளி)

பரவாயில்லையாவா? இதைக் கேட்கத் தோன்றியதற்கே உங்களைப் பாராட்ட வேண்டும். பலருக்குத் தோன்றுவதே இல்லை. ஓர் அலுவலகத்தில் கேன்டீன் வாசல் டிவியில் டாஷ்போர்டு ஓடவிட்டிருந்தார்கள். ஃபில்டர் காபி டம்ளரோடு நின்று பார்த்தால், யூஆர்எல்லில் கேள்விக்குறிக்குப் பின்னால் வரிசையாகப் பத்து இலக்க எண்கள். தோசைக்கு நின்றவர்கள் எல்லாரும் படிக்கலாம். சொன்னதற்கு, "ஏஜென்ட் தானா எடுக்குது சார்" என்றார்கள். தானாக எடுப்பதுதான் அதன் வேலை. எதை எடுக்கக்கூடாது என்று பார்ப்பது நம் வேலை.

ஜாவா ஏஜென்ட் எஸ்கியூஎல் (டேட்டாபேஸ் கட்டளை) வரிகளில் இருக்கும் மதிப்புகளைக் கேள்விக்குறியாக மாற்றிவிடும். யூஆர்எல்லில் வரும் மொபைல் நம்பருக்கு அந்தக் கரிசனம் கிடையாது. கலெக்டரில் (ஏஜென்ட் அனுப்புவதை வாங்கி மேலே அனுப்பும் நிரல்) அட்ரிபியூட்ஸ் பிராசஸர் (தகவல் புலங்களை நீக்கும், மாற்றும் பகுதி) வைத்து அதை நீக்குங்கள். ஹேஷ் செய்தால் (எண்ணை வேறொரு குறியீடாக மாற்றினால்) போதும் என்பார்கள், நம்பாதீர்கள். 6 முதல் 9 வரை தொடங்கும் பத்து இலக்கம் மொத்தமே சுமார் 400 கோடி. சாதாரண லேப்டாப்பே எல்லாவற்றையும் ஹேஷ் செய்து ஒப்பிட்டுவிடும். சரியான வைத்தியம், நம்பரை யூஆர்எல்லிலேயே வைக்காமல் போஸ்ட் கோரிக்கையின் பாடியில், அதாவது உள்ளடக்கத்தில், அனுப்புவது. முன்னால் என்ஜின்எக்ஸ் வெப் சர்வர் இருந்தால் அதன் ஆக்சஸ் லாக்கிலும் அதே நம்பர் கிடக்கும், அதையும் பாருங்கள். 2023-ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகும் என்று மேனேஜரிடம் சொல்லுங்கள். அப்போதுதான் காதில் விழும்.

ஐஐஎஸ்ஸில் (விண்டோஸ் வெப் சர்வர்) ஓடும் டாட்நெட் ஆப்புக்கு ஏஜென்ட் போடுவது எப்படி? (எலக்ட்ரானிக் சிட்டி)

ஏஜென்ட்டை இன்ஸ்டால் செய்தபின் ரிஜிஸ்டர் கட்டளை கொடுங்கள். ஆனால் அது ஐஐஎஸ்ஸையே ரீஸ்டார்ட் செய்யும், அந்த சர்வரில் இருக்கும் எல்லா சைட்டும் ஒரு கணம் விழும். பகல் 11 மணிக்குச் செய்துவிட்டு எனக்கு எழுதாதீர்கள். முதலில் டெஸ்ட் சர்வரில்.

ஃபிளாஸ்க்கில் (பைதானில் வெப் ஆப் எழுத உதவும் கருவி) என் லேப்டாப்பில் மட்டும் டிரேஸ் இல்லை.

டீபக் மோடில் ஓட்டுகிறீர்கள். ரீலோடரை (கோடு மாறினால் ஆப்பைத் தானாக மறுபடி கிளப்புவது) அணையுங்கள்.

செலவு ஏறுகிறது. டிரேஸ்களில் நூற்றுக்குப் பத்து மட்டும் அனுப்பலாமா?

அனுப்பலாம். ஆனால் தொடக்கத்திலேயே குலுக்கிப் போட்டால் எர்ரர்களிலும் பத்துக்கு ஒன்பது காணாமல் போகும். கலெக்டரில் டெயில் சாம்ப்ளிங் (டிரேஸ் முடிந்தபின் எதை வைப்பது என்று முடிவெடுப்பது) வையுங்கள். எர்ரரும் மெதுவானதும் முழுசாக நிற்கும், மற்றதில் கொஞ்சம் போதும். அதற்கு மெமரி கூடுதலாகத் தின்னும்.

நேரம் ஐந்தரை மணி பின்னால் காட்டுகிறது.

அது யூடிசி, உலகப் பொது நேரம். டாஷ்போர்டில் மாற்றுங்கள், சர்வரைத் தொடாதீர்கள்.