கொலஸ்ட்ரால் குறைந்துவிட்டது, மாத்திரையை நிறுத்தலாமா?

கேள்வி: என் வீட்டுக்காரருக்கு 44 வயது, ஒல்லியான உடம்பு. எல்.டி.எல் (கெட்ட கொலஸ்ட்ரால்) 5.4 mmol/L இருந்தது. ஸ்டாட்டின் மாத்திரை ஆரம்பித்து மூன்று மாதத்தில் 2.7 ஆகிவிட்டது. 'சரியாகிவிட்டது, புரட்டாசி விரதமும் வருகிறது, இனி எதற்கு மாத்திரை' என்று நிறுத்திவிட்டார். மாமனார் 47 வயதில் மாரடைப்பில் போனவர் என்பதால் பயமாக இருக்கிறது.
– வாசகி, சாட்ஸ்வொர்த்

பதில்: உங்கள் பயம் நியாயமானதுதான் அம்மா. எழுதிக்கொடுத்த டாக்டரை இந்த வாரமே பார்த்துப் பேசி, மாத்திரையை மறுபடி ஆரம்பிக்கச் சொல்லுங்கள். அந்த 2.7 மாத்திரையால் வந்தது. நிறுத்தினால் சில வாரங்களிலேயே பழைய இடத்துக்கு ஏறிவிடும்.

ஒல்லியாக இருப்பவருக்குக் கொலஸ்ட்ரால் வராது என்று நம் ஊரில் அழுத்தமாக நம்புகிறோம். உடம்பில் ஓடும் கொலஸ்ட்ராலில் பெரும்பகுதியை உடம்பே தயாரிக்கிறது, அதில் கல்லீரலுக்கு முக்கியப் பங்கு. ரத்தத்தில் மிஞ்சுகிற எல்.டி.எல்லைத் திரும்ப இழுத்துக்கொள்வதும் கல்லீரல்தான். சில குடும்பங்களில் அந்த இழுக்கும் வேலை பிறவியிலேயே பழுதாக இருக்கும், அவர்கள் கீரையும் கஞ்சியுமாகச் சாப்பிட்டாலும் எண் இறங்காது. இங்கே தென்னாப்பிரிக்காவில் ஆப்பிரிக்கானர்களிடம் (பெரும்பாலும் டச்சு வழி வந்த வெள்ளையர்கள்) இது அதிகம் என்பது பல வருடங்களாகத் தெரிந்த விஷயம், ஆனால் எந்த இனத்திலும் வரும். 4.9-க்கு மேல் எல்.டி.எல், அப்பாவுக்குச் சின்ன வயதில் மாரடைப்பு, இரண்டும் சேர்ந்தால் இதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். குதிகாலுக்கு மேலே இருக்கிற தசைநாரை விரலால் பிடித்துப் பாருங்கள், தடித்தோ முடிச்சு முடிச்சாகவோ இருந்தால் டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள். இல்லை என்றாலும் சந்தேகம் போய்விடாது. இந்தப் பழுது அவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வர பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு, அவர் கூடப்பிறந்தவர்களும் பரிசோதிக்க வேண்டும். பிள்ளைகளுக்குப் பத்து வயதுக்குள் ரத்தம் பார்த்துவிடுவது நல்லது.

விரதம் தாராளமாக இருக்கட்டும், மாத்திரையோடு இருக்கட்டும். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், புரட்டாசியில் மட்டனை நிறுத்திவிட்டு நெய்யில் குளித்த பலகாரம், பூரி, சமோசா என்று மாதம் முழுக்கப் போனால் இதயத்துக்கு அது விரதமே இல்லை. பருப்பும் சுகர் பீன்ஸ் கறியும் சாப்பிடுங்கள், அவற்றில் இருக்கும் கரையும் நார்ச்சத்து எல்.டி.எல்லைக் கொஞ்சம் இறக்கும்.

கேள்வி: 'கொலஸ்ட்ரால் இல்லாதது' என்று போட்ட எண்ணெய்தான் வாங்குகிறேன், முட்டையையும் விட்டுவிட்டேன். போதுமா?
– வாசகர், ஃபீனிக்ஸ்

பதில்: எந்தத் தாவர எண்ணெயிலும் சொல்லும்படியான கொலஸ்ட்ரால் கிடையாது, அதனால் அந்த வாசகத்தைப் பார்த்து வாங்குவதில் அர்த்தமில்லை. தேங்காய் எண்ணெயிலும் அது இல்லைதான், ஆனால் அதில் 80 சதவீதத்துக்கு மேல் நிறைவுற்ற கொழுப்பு, எல்.டி.எல்லை ஏற்றுவது அதுதான். லேபிளின் பின்பக்கம் அந்த வரியைப் பாருங்கள். டிரான்ஸ் கொழுப்புக்கு (எண்ணெயைக் கெட்டியாக்கும்போது உருவாகும் கெட்ட கொழுப்பு) இங்கே 2011-லேயே சட்டம் போட்டு, எண்ணெய், கொழுப்பில் 2 சதவீதத்துக்கு மேல் கூடாது என்று கட்டுப்படுத்திவிட்டார்கள். நிறைவுற்ற கொழுப்பை நாம்தான் கவனிக்க வேண்டும். பெரும்பாலானவர்களுக்கு தினம் ஒரு முட்டையால் கெடுதல் இல்லை, சர்க்கரை நோயோ பரம்பரைக் கொலஸ்ட்ராலோ இருந்தால் மட்டும் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். முட்டையை விட்டுவிட்டு வாரத்தில் நாலு நாள் கொழுப்பு மிதக்கிற மட்டன் பன்னி சௌ (குடைந்த ரொட்டிக்குள் ஊற்றிய கறி) சாப்பிட்டால் என்ன பயன்?

கேள்வி: வயது 36. நெஞ்சுவலி, மூச்சு வாங்குவது எதுவுமே இல்லை. எனக்கும் டெஸ்ட் தேவையா?
– வாசகர், டர்பன்

பதில்: தேவை. கொலஸ்ட்ரால் ஏறினால் பெரும்பாலும் உடம்பு எந்த அறிகுறியும் காட்டாது. பல நாடுகளில் மாரடைப்பை ஆராய்ந்து 2004-இல் வெளியான இன்டர்ஹார்ட் ஆய்வில் மற்றவர்களுக்கு முதல் மாரடைப்பு சராசரியாக 59 வயதில் வந்தபோது, இந்தியர் உட்பட தெற்காசியர்களுக்கு 53-லேயே வந்திருந்தது. முதல் பரிசோதனைக்குப் பெரும்பாலும் வெறும் வயிறு கூடத் தேவையில்லை, வேலைக்குப் போகிற வழியில் ரத்தம் கொடுத்துவிட்டுப் போகலாம்.