கோபுரத்துக்கு முந்தின சபை

கேள்வி: அப்போஸ்தலர் காலத்தில் கிறிஸ்தவக் கோயில் கட்டடமே கிடையாது என்கிறார்களே, அப்படியானால் சபை எங்கே கூடியது? எப்படி ரோம் வரைக்கும் பரவியது?
– ஒரு வாசகி, மெஞ்ஞானபுரம்

பதில்: உங்கள் ஊர்க் கோபுரத்தைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்தச் சந்தேகம் வரத்தான் செய்யும். கூடியது வீட்டில்தான் அம்மா. பிலிப்பி பட்டணத்தில் இரத்தாம்பரம் (செந்நீலத் துணி) விற்ற லீதியாள், ஞானஸ்நானம் பெற்ற கையோடு அப்போஸ்தலன் பவுலைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போய்விட்டாள். துரோவாவில் ஒரு மாடியறை. நடுராத்திரி வரை பிரசங்கம். ஜன்னலில் உட்கார்ந்திருந்த ஐத்திகு தூங்கிப்போய் மூன்றாம் மாடியிலிருந்து விழுந்தான். (நீண்ட பிரசங்கம் இன்று நேற்று வந்த வியாதியல்ல.)

பரவியதற்கு நான் எப்போதும் காட்டுவது ஆக்கில்லா, பிரிஸ்கில்லாள் தம்பதியைத்தான். கூடாரம் தைத்துப் பிழைத்தவர்கள். ரோமிலிருந்து துரத்தப்பட்டுக் கொரிந்துக்கு வந்தார்கள், அப்புறம் எபேசு, மறுபடி ரோம். எபேசுவிலும் ரோமிலும் அவர்கள் வீட்டிலேயே சபை கூடியது. என் சித்தப்பா தாராவியில் கடை போட்டபோதும் இதே கதைதான்: அரிசி மூட்டைகளை ஓரங்கட்டிவிட்டு ஞாயிற்றுக்கிழமை ஜெபக்கூட்டம். பிழைக்கப் போகிறவன் கூடவே சபையும் போய்விடும்.

சுமார் கி.பி. 112-இல் பித்தினியா என்ற ரோம மாகாணத்தின் ஆளுநர் பிளினி, பேரரசர் டிராஜனுக்கு ஒரு கடிதம் எழுதினார். இந்தக் கிறிஸ்தவர்கள் குறித்த நாளில் விடியுமுன் கூடிப் பாடுகிறார்கள், இது பட்டணத்தோடு நிற்காமல் கிராமங்களுக்கும் தொற்றிவிட்டது, பலியிட்ட இறைச்சியை வாங்க ஆளில்லாமல் போயிற்று என்று புலம்புகிறார். உண்மையைக் கக்கவைக்க அவர் சித்திரவதை செய்தது யாரைத் தெரியுமா? சபையில் ஊழியம் செய்த இரண்டு அடிமைப் பெண்களை! பள்ளிக்கூடத்தில் இந்த இடம் வரும்போதெல்லாம் எனக்குக் குரல் கம்மிவிடும்.

சிரியாவில், யூப்ரடீஸ் கரையில், துரா யூரோப்பஸ் என்ற ஊரைத் தோண்டியபோது 3-ஆம் நூற்றாண்டு வீட்டுக்கோயில் ஒன்று கிடைத்தது. சாதாரண வீடு, நடுச்சுவரை இடித்து இரண்டு அறையை ஒரே கூடமாக்கியிருக்கிறார்கள், இன்னோர் அறையில் ஞானஸ்நானத் தொட்டி. ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் 313-இல் சுதந்திரம் கொடுத்த பிறகுதான் பெரிய பெரிய கோயில்கள் எழுந்தன.

நம்ம பாளையங்கோட்டையிலும் ஆள்தான் முந்தி, கல் பிந்தி. பிராமண விதவையான கிளாரிந்தா அம்மாள், ஜெர்மன் மிஷனரி ஷ்வார்ட்ஸ் ஐயரிடம் ஞானஸ்நானம் பெற்றது 1778. இரண்டே வருஷத்தில் சபைப் பதிவேட்டில் 40 பேர். அவர் கட்டிய கோயில் எழுந்தது 1785-இல். இன்றைக்கும் கேட்டுப் பாருங்கள், பாப்பாத்தியம்மா கோயில் என்றால்தான் ஊரில் பலருக்கும் தெரியும்.