எம்ஜிபி-யில் ரோவர் வி8: உள் ஃபெண்டரை வெட்டும் முன்

வணக்கம் ஐயா. உங்கள் 1970 மாடல் எம்ஜிபி ரோட்ஸ்டரில் (பிரிட்டனின் எம்ஜி நிறுவனத்தின் திறந்த கூரை ஸ்போர்ட்ஸ் கார்) ரோவர் 3.5 லிட்டர் வி8 எஞ்சினை இறக்கியபோது வலப்பக்க எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு (எஞ்சினிலிருந்து புகையை வாங்கும் குழாய்த் தொகுதி) ஸ்டீயரிங் தண்டை ஒட்டி நிற்கிறது என்றும், உள் ஃபெண்டரை, அதாவது எஞ்சின் அறையின் பக்கத் தகட்டை, வெட்டலாமா என்றும் கேட்டிருந்தீர்கள்.

வெட்டலாம், ஆனால் இப்போதே வேண்டாம். 1973 முதல் 1976 வரை இதே 3528 சிசி எஞ்சினுடன் எம்ஜிபி-யின் ஜிடி வி8 மாடலைத் தயாரித்த எம்ஜி நிறுவனத்தார், அதற்காக எஞ்சின் அறைத் தகடுகளையே மாற்றிக்கொண்டார்கள். அதற்கு முந்தைய, குரோம் பம்பர் கொண்ட உங்கள் காரில் அந்த வசதி இல்லாததால்தான் இந்த இடநெருக்கடி.

முதலில் மேனிஃபோல்டுக்கும் தண்டுக்கும் இடையே ஒரு களிமண் உருண்டையை ஒட்டி, எஞ்சினைக் கடப்பாரையால் இரு பக்கமும் நெம்பிப் பாருங்கள். நான் அப்படிச் செய்தபோது, விரல் நுழையும் இடைவெளி என்று நம்பியிருந்த இடத்தில் களிமண் காகிதம்போல் நசுங்கியிருந்தது. ரப்பர் மவுண்டுகளின் மேல் எஞ்சின் சாயும் அளவை நின்ற நிலையில் கண்ணால் அறிய முடியாது.

உங்களுக்கும் அப்படி நசுங்கினால், எம்ஜி-யின் 1990-களின் ஆர்வி8 காரில் உள்ளதுபோல் எக்ஸாஸ்ட் குழாய்களை உள் ஃபெண்டர் வழியாக வெளியே கொண்டுசெல்வதே நல்லது. தனி சேஸி இல்லாத இந்தக் காரில் அந்தத் தகடும் பாரம் தாங்குவதால், துளையின் விளிம்பைச் சுற்றி வளையம் வைத்து வெல்டிங் செய்யுங்கள். உடலோடு இணைந்து கீழே நீளவாக்கில் ஓடும் சேஸி ரெயிலை மட்டும் தொடவே வேண்டாம்.

பின் ஆக்சிலின் 3.9 பல்சக்கர விகிதத்தையும் (சக்கரம் ஒருமுறை சுழல டிரைவ் தண்டு எத்தனை முறை சுழல்கிறது என்பது) மாற்றுங்கள். ஜிடி வி8-இல் அது 3.07.