சொந்த லேபிள் நடத்திய ஜாஸ் கலைஞர்

கேள்வி: எங்கள் நையாண்டி மேளக் குழுவின் வாசிப்பை நாங்களே பதிவுசெய்து வெளியிட விரும்புகிறோம். ஜாஸ் கலைஞர்கள் சொந்தமாக லேபிள் (இசைத்தட்டு வெளியீட்டு நிறுவனம்) நடத்தியதாகக் கேள்விப்பட்டேன். விளக்க முடியுமா? (வாசகர், செல்லூர், மதுரை)

பதில்: முதலில் என் நினைவுக்கு வருபவர் டபுள் பாஸ் (தாழ்ந்த சுருதியில் ஒலிக்கும் பெரிய தந்தி வாத்தியம்) கலைஞர் சார்லஸ் மிங்கஸ் (1922–1979). பெரிய நிறுவனங்களின் விருப்பத்துக்குக் கட்டுப்படாமல் இசைக்க எண்ணிய அவர், மனைவி சீலியாவுடனும் டிரம்ஸ் கலைஞர் மேக்ஸ் ரோச்சுடனும் சேர்ந்து 1952இல் 'டெபியூ ரெக்கார்ட்ஸ்' நிறுவனத்தைத் தொடங்கினார். மறு ஆண்டு மே 15 அன்று கனடாவின் டொராண்டோ நகரிலுள்ள மாசி ஹாலில் சாக்ஸபோன் கலைஞர் சார்லி பார்க்கர், டிரம்பெட் கலைஞர் டிஸ்ஸி கில்லெஸ்பி, பியானோ கலைஞர் பட் பவல் ஆகியோருடன் மிங்கஸும் ரோச்சும் வாசித்த கச்சேரியை வெளியிட்டது இந்தச் சிறிய நிறுவனம்தான். பார்க்கருக்கு வேறொரு நிறுவனத்துடன் ஒப்பந்தம் இருந்ததால், உறையில் 'சார்லி சான்' என்று மாற்றுப்பெயர் அச்சிட்டார்கள். சித்திரைத் திருவிழாக் கூட்டத்தில் ஒத்தின் நாதம் அமுங்கிவிடுவதுபோல, அந்தப் பதிவில் பாஸ் ஒலி சரியாகக் கேட்காததால், மிங்கஸ் பின்னர் ஸ்டூடியோவில் தம் பகுதியை மீண்டும் வாசித்துச் சேர்த்தார். தம் வாத்தியத்தின் மீது அவருக்கு இருந்த அக்கறை என்னை இன்றும் நெகிழவைக்கிறது. டெபியூ 1957 வரை நீடித்தது. 1960களின் நடுவில் மீண்டும் சொந்த லேபிள் தொடங்கி, கடைகளை நம்பாமல், இசைத்தட்டுகளை அஞ்சல் வழியே ரசிகர்களுக்கு விற்றார்.