கீரையும் பயறும் சாப்பிட்டால் வைட்டமின் பி12 ஏறுமா?

"நாங்கள் பரம்பரைச் சைவம். பி12 அளவு 140, குறைவு என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது. மாத்திரை இல்லாமல் கீரை, முளைகட்டின பயறு சாப்பிட்டே சரிசெய்யலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

முடியாதுங்க. பி12-ஐ உண்டாக்குவது பாக்டீரியா போன்ற நுண்ணுயிர்கள் மட்டும்தான். செடிகொடிகளுக்கு அது தேவையே இல்லை, அதனால் கீரையில் எவ்வளவு தேடினாலும் கிடைக்காது. இட்லி மாவு புளிக்கும்போது வந்துவிடும் என்பார்கள். அதை நம்பி இருக்க முடியாது. ஸ்பைருலினா என்கிற பாசிப் பொடியில் இருப்பது பெரும்பாலும் நம் உடம்புக்கு உதவாத போலி வடிவம். எங்கள் சேலத்து ஜவ்வரிசியோ வெறும் மாவுச்சத்து.

முட்டையும் தொடாதவர்களுக்குப் பால், தயிர், மோர்தான் வழி. பெரியவர்களுக்கு நாளைக்கு சுமார் 2.4 மைக்ரோகிராம் வேண்டும். 200 மில்லி பாலில் ஏறக்குறைய 1 இருக்கும். காபியில் ஊற்றுகிற பால் எந்த மூலைக்கு? அதுவும் இவ்வளவு இறங்கிய பிறகு பாலை மட்டும் வைத்து ஏற்ற முடியாது. மாத்திரையோ ஊசியோ வேண்டும்.

என் அம்மாவுக்கு பி12 குறைந்து கால் மரத்துப்போனது. சர்க்கரைக்கு வருஷக்கணக்கில் மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவர். அந்த மாத்திரையும் பி12-ஐக் குறைக்கும். ஒருநாள் அம்மாப்பேட்டையில் கடைக்குப் போய்விட்டு ஒற்றைச் செருப்போடு வீட்டுக்கு வந்தார். இன்னொன்று கழன்று விழுந்ததே அவருக்குத் தெரியவில்லை. டாக்டர் ஓர் இசைக்கவையைத் தட்டிக் கணுக்கால் எலும்பில் வைத்து, "அதிருதாம்மா?" என்றார். "ஒண்ணும் தெரியலீங்களே." பி12 ஊசி போட ஆரம்பித்துப் பல மாதம் கழித்துத்தான் பாதத்தில் உணர்வு கொஞ்சம் திரும்பியது. விரல் நுனிகளில் இன்னும் இல்லை.

அதனால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன்: சோர்வாக இருக்கிறது என்று மருந்துக்கடையில் ஃபோலிக் அமில மாத்திரையை மட்டும் வாங்கிப் போடாதீர்கள். அது பி12 குறைவால் வந்த ரத்தசோகையைச் சரிசெய்துவிடும், ரிப்போர்ட்டும் பார்க்க நன்றாக இருக்கும். உள்ளே நரம்பு கெடுவது நிற்காது.

கீரையை விடவும் வேண்டாம். முருங்கைக்கீரையின் இரும்புச்சத்து உடம்பில் ஒட்ட எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்த்துக்கொள்ளுங்கள். காபி அதைத் தடுக்கும்; ஏற்காட்டுக் காபியே ஆனாலும் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள்.

மாத்திரையா ஊசியா, எவ்வளவு நாள் என்பதை டாக்டர் சொல்லட்டும். சில மாதம் கழித்து மறுபடி டெஸ்ட் எடுங்கள். அப்புறம், அதே அடுப்படியில் சாப்பிடும் மற்றவர்களுக்கும் எடுத்துவிடுங்கள். வீட்டில் கர்ப்பிணியோ பால் கொடுக்கும் தாயோ இருந்தால் அவருக்குத்தான் முதலில். தாய்ப்பால் மட்டுமே குடிக்கிற குழந்தைக்கு பி12 அங்கிருந்துதான் போகவேண்டும்.