பலகை சொன்னால் சாரதி திரும்புவாரா?

கேள்வி: மட்டக்களப்பின் கல்லடிப் பாலத்தில் தடை வரும் நாட்களில், கல்முனையிலிருந்து செங்கலடி போகிறவர்களை வாவியைக் கடந்து மேற்குக் கரையால் போகும் மண்முனைப் பாலத்தால் திருப்பிவிட அறிவித்தல் பலகை வைத்தால் எத்தனை பேர் திரும்புவார்கள்? இதுதான் என் இறுதியாண்டு ஆய்வு. வினாக்கொத்தில் கேட்டால் அநேகமாக எல்லாருமே "திரும்புவேன்" என்கிறார்கள். அதை அப்படியே கணித மாதிரியில் போடலாமா?
– மாணவி, களுவாஞ்சிகுடி

பதில்: போட வேண்டாம். "பலகை சொன்னால் கேட்பீர்களா?" என்று கேட்டால் ஆள் தன்னை நல்ல சாரதியாகக் காட்டத்தான் பார்ப்பார். அதற்குப் பதிலாக ஒருவருக்கு 8 அட்டை கொடுத்து, ஒவ்வொன்றிலும் ஒரு பாதையைத் தெரிவுசெய்யச் சொல்லுங்கள். பயண நேரம், பலகையின் வாசகம், முன்னால் வாகன வரிசை தெரிகிறதா, பகலா இரவா என்ற நான்கும் அட்டைக்கு அட்டை மாற வேண்டும். வாசகத்தில் மூன்று வகை போதும்: வெறுமனே "மாற்றுப் பாதையால் செல்லவும்", "கல்லடிப் பாலத்தில் திருத்த வேலை", அதோடு "20 நிமிடத் தாமதம்". காரணமும் நேரமும் எழுதியிருந்தால்தான் ஊர்ச் சாரதி மசிவார். முதலாவது வாசகத்தை வெளியூர் வான்காரர் வேண்டுமானால் நம்புவார்.

பிறகு லொஜிட் மாதிரி: ஒவ்வொரு பாதைக்கும் "பயன்" என்று ஒரு மதிப்பெண் கொடுத்து, அந்த வித்தியாசத்திலிருந்து எத்தனை சதவீதம் பேர் எதைத் தெரிவார்கள் என்று சொல்லும் கணக்கு. கணக்கு விளங்க ஒரு கற்பனை எண்ணிக்கை: கல்லடியால் போகும் ஏ4 வீதியால் 45 நிமிடம், மண்முனையால் 52. நிமிடத்துக்கான குணகம் (ஒரு நிமிடம் கூடினால் பயன் மாறும் அளவு) -0.1 என்றால் மண்முனைப் பாதையின் பயன் 0.7 குறைவு; அதைத் தெரிபவர் 33 சதவீதம். பலகையின் குணகம் +1.1 என்று வந்தால் வித்தியாசம் +0.4 ஆகி, பங்கு 60 சதவீதமாகும். 1.1ஐ 0.1ஆல் வகுத்தால் 11. அதாவது அந்தப் பலகை 11 நிமிடத்துக்குச் சமம். ஆய்வறிக்கையில் இந்த ஒற்றை எண்ணை எழுதுங்கள், பரீட்சகர் விட்டாலும் வீதிப் பொறியியலாளர் அதைத்தான் தேடுவார். ஒரே ஆளின் 8 பதில்களையும் 8 ஆட்களாக எண்ணிவிடாதீர்கள். ஆளுக்கு ஆள் விருப்பம் வேறுபடுவதையும் கணக்கில் எடுக்கும் கலப்பு லொஜிட் போடாவிட்டால் மதிப்பீட்டின் வழு சிறிதாகத் தெரிந்து உங்களை ஏமாற்றும்.

இரவுக்குத் தனிக் குணகம் கட்டாயம். பொழுதுபட்ட பிறகு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் யானைப் பயம், மாரியில் வெள்ளம். வெளிநாட்டுக் கட்டுரையிலிருந்து எடுத்த குணகத்தில் இரண்டும் இருக்காது.

அட்டையில் சொன்னதை வீதியில் சரிபாருங்கள். பலகை இல்லாத ஒரு கிழமையும் உள்ள ஒரு கிழமையும், அதே நாள், அதே நேரம், 15 நிமிடத்துக்கொருமுறை மண்முனைத் திருப்பத்தில் எண்ணுங்கள். இங்கேதான் அநேகர் சறுக்குவது: இடப்பக்கம் திரும்புகிற எல்லாரும் பலகையைப் பார்த்துத் திரும்பியவர்களல்லர், படுவான்கரையிலுள்ள கொக்கட்டிச்சோலைக்கு எப்போதும் போகிறவர்களும் அதற்குள் இருக்கிறார்கள். வாகன இலக்கத்தின் கடைசி நான்கு இலக்கங்களைத் திருப்பத்திலும், அந்தப் பாதை மறுபடி வாவியைக் கடக்கும் வலையிறவுப் பாலத்திலும் குறித்து ஒப்பிட்டால் அவர்கள் கழன்றுவிடுவார்கள். மோட்டார் சைக்கிளைத் தனி நிரலில் எழுதுங்கள். வரிசைக்குள் புகுந்து போகிறவருக்கு 20 நிமிடத் தாமதம் பொருட்டே இல்லை.

கேள்வி: மூன்றாவது பாதையாக, மண்முனைக்குத் தெற்கேயுள்ள பட்டிருப்புப் பாலத்தையும் சேர்த்ததும் படுவான்கரைக்குப் போகிறவர் தொகை மாதிரியில் திடீரென ஏறுகிறது. எங்கே பிழை?
– வாசகர், அக்கரைப்பற்று

பதில்: லொஜிட் ஒவ்வொரு பாதையையும் தனித்தனியென்று நினைக்கிறது. பட்டிருப்பால் போனாலும் மண்முனையால் போனாலும் கொக்கட்டிச்சோலைக்குப் பிறகு ஒரே வீதிதானே! பொதுத் துண்டுக்குத் தண்டம் போடுங்கள். 30 கிலோமீற்றரில் 20 பொதுவென்றால்: 20/30இன் பாதி, கூட்டல் 10/30, மொத்தம் 0.67. அதன் இயற்கை மடக்கை -0.4. இரண்டு பாதையின் நீளமும் அவ்வளவுதான் என்றால் இரண்டின் பயனிலும் அதைச் சேர்த்தால் ஏற்றம் தணியும்.

கேள்வி: எல்லாருடைய போனும் ஒரே நேரத்தில் "மண்முனையால் போ" என்றால் அங்கேயும் நெரிசல் வராதா?
– ஆட்டோ சாரதி, ஆரையம்பதி

பதில்: வரும். அறிவித்தல் எல்லாரையும் ஒரே பக்கம் தள்ளிவிடும். அதனால் மாதிரியை ஒரு தடவை ஓட்டி நிறுத்தக்கூடாது. திரும்பியவர் தொகையை வைத்துப் புதிய நேரம், அந்த நேரத்தை வைத்துப் புதிய பங்கு. இரண்டாம் சுற்றில் புதிய பங்கின் பாதி (மீதி பழைய பங்கு), மூன்றாம் சுற்றில் மூன்றிலொன்று என்று கலந்து, எண்கள் அசையாமல் நிற்கும்வரை. பாதை மாற்றினால் தனக்கு நன்மை என்று யாரும் நினைக்காத நிலை அது. 1952இல் போக்குவரத்து ஆய்வாளர் வோட்ரொப் சொன்ன சமநிலைக்கு உறவானது.

நேரத்துக்குப் பலரும் எடுப்பது அமெரிக்க வீதிப் பணியகத்தின் சூத்திரம். வீதியின் கொள்ளளவு நிரம்பினால் வெறும் வீதியைவிடப் பயண நேரம் 15 சதவீதம் கூடும், ஒன்றரை மடங்கானால் 76 சதவீதம். நெல் அறுவடைக் காலத்தில் முன்னால் ஒரு உழவு இயந்திரமும் பின்னால் ஒரு மாட்டு மந்தையும் வந்தால் அந்தச் சூத்திரம் கொள்ளளவுக்கு முன்னமே பொய்த்துவிடும். வெறும் வீதியின் நேரத்தைக் கூகுள் மேப்பில் எடுக்காமல், காலை, மத்தியானம், பின்னேரம் மூன்று வேளையும் ஓடிப் பார்த்துத்தான் எழுத வேண்டும். உங்களைப் போன்ற ஆட்டோக்காரர்தான் அதற்குச் சரியான ஆள்.