‘போகப்போகப் பழகிடும்’ என்கிறார் முதலாளி

கேள்வி: என் கணவருக்கு 36 வயது. மதுரையில் ஒரு ஹோட்டலில் பரோட்டா மாஸ்டர். மாலை 4 மணிக்குக் கல்லுக்கு முன் நின்றால் நகர இரவு 12 ஆகிவிடும். அம்மை போட்டு 3 வாரம் வீட்டில் இருந்தார். திரும்பப் போன இரண்டாம் நாளே தலைசுற்றி உட்கார்ந்துவிட்டார். ராத்திரியில் கெண்டைக்கால் இழுக்கிறது. சிறுநீர் அடர் மஞ்சளாகப் போகிறது. முதலாளியிடம் சொன்னால் ‘போகப்போகப் பழகிடும்’ என்கிறார். உடம்பு தேற டானிக் ஏதாவது கொடுக்கலாமா டாக்டர்?
- வாசகி, மதுரை

பதில்: டானிக் வேண்டாம், சகோதரி. நீங்கள் சொல்வதைப் பார்த்தால், வியர்வையில் போன நீரும் உப்பும் உடம்புக்குத் திரும்பக் கிடைக்கவில்லை என்றே தோன்றுகிறது.

முதலாளி சொல்வதில் பாதி உண்மை. வெக்கையில் தினமும் வேலை செய்தால் ஓரிரு வாரத்தில் உடம்பு பழகும். வியர்வை சீக்கிரமே சுரக்கும், அதில் உப்பு குறைவாகப் போகும், இதயம் அவ்வளவு படபடக்காது. ஆனால், ஒரு வாரத்துக்கு மேல் அடுப்பை விட்டு விலகியிருந்தாலே இந்தப் பழக்கம் கரையத் தொடங்கிவிடும். பத்து வருட அனுபவம் கைக்குத்தான் இருக்கும், உடம்புக்கு இருக்காது. 3 வாரம் படுத்து எழுந்தவர் புது ஆள் மாதிரிதான். புது ஆளுக்கு முதல் நாள் வெக்கையில் வழக்கமான நேரத்தில் 5-ல் 1 பங்குதான் வேலை. பிறகு நாளுக்கு ஒரு பங்காகக் கூட்ட வேண்டும். உங்கள் வீட்டுக்காரரை முதல் நாளே எட்டு மணி நேரம் நிறுத்திவிட்டார்கள்.

‘கல் வாசலில்தானே இருக்கிறது, காற்று வருமே’ என்பார்கள். காற்று வரட்டும். கல்லிலிருந்து நெஞ்சுக்கும் முகத்துக்கும் நேராக அடிக்கிற அனலைக் காற்று தடுக்காது. அதற்கு அடுப்பைச் சுற்றித் தகடு வைத்து மறைக்க வேண்டும். மாவு வீசுபவரும் கல்லில் நிற்பவரும் அரை மணிக்கு ஒருமுறை இடம் மாறிக்கொள்ளலாம். இதற்குக் காசே செலவில்லை. ஃபேன் போட்டால் தீ அலையும் என்று மறுப்பார்கள். பக்கவாட்டிலிருந்து தோள் உயரத்துக்கு வைத்தால் அடுப்புக்குப் போகாது. கழுத்தில் ஈரத்துண்டும் இருக்கட்டும்.

உள்ளே வேலை செய்பவர்கள் நிலைமை இன்னும் மோசம். இட்லிக் கொப்பரை ஆவியில் வியர்வை காயாது. சொட்டிப் போகிற வியர்வையால் உடம்பு குளிராது. காய்கிற வியர்வைதான் சூட்டை எடுக்கும். அடுப்புக்கு மேலே உள்ள சிம்னியில் ஒரு பேப்பரைப் பிடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஒட்டி இழுக்காவிட்டால், பெரும்பாலும் வடிகட்டியில் எண்ணெய்ப் பிசுக்கு அடைத்திருக்கும், அல்லது வெளிக்காற்று உள்ளே வர வழி இருக்காது. கழிப்பறை இல்லாததால் தண்ணீரே குடிக்காமல் பாத்திரம் தேய்க்கும் பெண்கள், நீர்க்கடுப்போடும் சிறுநீரகக் கல்லோடும் என்னிடம் வருகிறார்கள். அதையும் முதலாளி காதில் போடுங்கள்.

தண்ணீரைத் தாகம் எடுக்கும்வரை தள்ளிப்போடக் கூடாது. 15, 20 நிமிடத்துக்கு ஒரு டம்ளர் போதும், மணிக்கு 1.4 லிட்டரைத் தாண்டினால் ரத்தத்தில் உப்பு குறைந்து வேறு வம்பு வரும். நடுவே உப்புப் போட்ட மோர் குடிக்கலாம். கால் இழுக்கும் நாளில் ஓ.ஆர்.எஸ். பொடி குடிக்கட்டும். ஒரு லிட்டருக்கான பாக்கெட்டை ஒரு டம்ளரில் கரைப்பது தவறு. பிரஷர், சிறுநீரகக் கோளாறு இருந்தால் மட்டும் டாக்டரைக் கேட்காமல் உப்பைக் கூட்ட வேண்டாம். வேலை முடிந்து ‘அலுப்புக்கு’ மது குடிக்கிற வழக்கம் இருந்தால், மிச்சமிருக்கும் நீரும் போய்விடும். உடம்பு காய்ந்திருக்கும்போது டைக்ளோஃபெனாக் மாதிரி வலி ஊசி, மாத்திரை போடுவது சிறுநீரகத்துக்கு நேரடி அடி.

2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராகத் தமிழக அரசு அறிவித்தது. அதில் இறந்தால் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம். நல்லதுதான். ஆனால் அடுப்படிக்கு மார்கழியும் கோடைதானே!

தலைசுற்றலோடு பேச்சு குழறினால், ஆள் அடையாளம் தெரியாமல் உளறினால், வலிப்பு வந்தால் அது வெப்பவாதம் (ஹீட் ஸ்ட்ரோக்). உடல்சூடு 40 டிகிரி செல்சியஸைத் தொட்டிருக்கலாம். வியர்வை நின்றால்தான் ஆபத்து என்று காத்திருக்காதீர்கள். வியர்த்துக்கொண்டே இருக்கும்போதும் வரும். 108-ஐக் கூப்பிட்டுவிட்டு, வண்டி வரும்வரை சும்மா நிற்காமல் சட்டையைக் கழற்றி உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் ஐஸ் வையுங்கள். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். பாராசிட்டமால் இந்தச் சூட்டைக் குறைக்காது.

இந்த வாரமே அவரை அழைத்துப் போய் கிரியேட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை), சோடியம், பொட்டாசியம், சிறுநீர்ப் பரிசோதனை செய்துவிடுங்கள். அதற்குள் சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போனால் ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்காமல் அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள். தசை சிதைந்து சிறுநீரகத்தை அடைப்பதன் அறிகுறியாக இருக்கலாம்.